அசுரன் சார் எழுதாத சிரிப்பு

மூவுலகிலும் அசுரர்களுக்காகப் பரிந்து பேசும் ஒரே மனிதர் ஹைதராபாத் மல்காஜ்கிரியில், எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் குடியிருக்கிறார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன் நான். ஒரு திருகு லேசாகச் சாய்ந்திருந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிற உத்தியோகம். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் வேறு. நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். தேவர்களுக்குக் கோயில் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது, சாயங்காலச் சீரியல் இருக்கிறது. அசுரர்களுக்கு இருப்பவர் இவர் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் மின்கட்டண ரசீதில் இருக்கிறது. அதற்கு வெளியே யாரும் அதை உபயோகித்து நான் கேட்டதில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் 'அசுரன் சார்'. தெலுங்குக்காரர்களுக்கு 'ராட்சச காரு'. இவ்வளவு மரியாதையோடு ஒரு ராட்சசனைக் கூப்பிடும் ஊர் வேறெங்கும் இருக்காது.

பெயரைக் கேட்டு ஆளைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஒல்லி. குள்ளம். படிக்கட்டில் பூனை எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று அதற்கு வழிவிடுவார். சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போவார். ஒருமுறை கேட்டேவிட்டேன்:

"வாரம் பூரா அசுரனுக்கு வக்காலத்து. சனிக்கிழமையானா பெருமாளுக்குத் துளசி. இது என்ன சார் கணக்கு?"

"பெருமாள்கிட்ட எனக்கென்ன சண்டை தம்பி? அவரு பாட்டுக்கு அவரு வேலையைப் பார்த்தாரு. கதை எழுதுன பயலுகதான் எதிராளியைச் சரியாப் பார்க்கல. வீடு வாசல் இல்லாமயா ஒருத்தன் சண்டைக்கு வர்றான்?"

அவருடைய அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனாலும் வீட்டுத் தமிழ் மதுரையை விட்டு நகரவில்லை. கோபம் வந்தால் மட்டும் நடுவில் 'நக்கோ' வந்து விழும். 'வேண்டாம்' என்று சொல்வதற்கு இந்த ஊரில் அதைவிட உறுதியான சொல் கிடையாது. அவர் வாழ்க்கையில் அதிகம் உபயோகித்த சொல்லும் அதுதான்.

முதல் உத்தியோகம் டப்பிங் வசனம். தெலுங்கில் எடுத்த புராணத் தொடர்களைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். அந்தத் தொழிலின் சூட்சுமம் உதட்டில் இருக்கிறது. திரையில் நடிகர் வாயை மூடுகிற இடத்தில் தமிழிலும் உதடு ஒட்டுகிற எழுத்து வர வேண்டும். வாயைத் திறக்கிற இடத்தில் திறக்கிற எழுத்து. பல வருடம் இதையே செய்ததில் அவர் எதிரில் பேசுகிறவரின் கண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வாயைத்தான் பார்ப்பார். புதிதாகக் குடிவந்த பெண்மணி ஒருவர் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு ஓடியே போய்விட்டார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்காருவது ஆபத்து. செயலாளர் தெலுங்கில் தண்ணீர் மோட்டாரைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார். இவர் என் காதருகே, அந்த வாயசைவுக்கு ஒரு இம்மிகூடப் பிசகாமல், தமிழில் ஓட்டுவார்:

"பெருமக்களே! மோட்டார் புகைஞ்சப்ப நான் மாமியார் வீட்டுல பொங்கல் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். பொங்கல்ல மிளகு கம்மி. அதுக்கும் இந்தச் சங்கம் பொறுப்பேத்துக்கணும்!"

நான் சிரித்துவிட்டேன். செயலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, அவ்வளவு உற்சாகமாக இருக்கிற நானே மேல்தொட்டி சுத்தம் செய்வதைக் கவனித்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டார். இன்றுவரை நான்தான் கவனிக்கிறேன்.

அந்த டப்பிங் வேலை போனது ஒரு சிரிப்பினால். புராணத் தொடரில் அசுரன் வந்தால் முதலில் சிரிப்பான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, தோள் குலுங்கக் குலுங்க. பிறகுதான் வசனம். அசுரன் சாருக்கு அது பொறுக்கவில்லை. சிரிப்பு என்று எழுத மாட்டேன் என்றார். ஆனால் திரையில் வாய் திறந்திருக்கிறதே, என்ன செய்வது? திறந்த வாய்க்குப் பொருத்தமாக எழுதினார்: 'யார்டா? யார்டா? யார்டா?' வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. உடம்பு குலுங்கியதுதான் சேரவில்லை. குளிர்ஜுரம் வந்தவன் கதவு தட்டுகிற சத்தத்துக்கு எழுந்து வந்தது போல இருந்தது.

இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டார்: "சிரிப்பு எங்க சார்?"

"எதுக்குச் சிரிக்கிறான்? காரணம் சொல்லுங்க, எழுதுறேன்."

"ராட்சசன் சார் அவன்!"

"அது அவன் யாருங்கிறதுக்குப் பதிலு. எதுக்குச் சிரிக்கிறான்னுதானே நான் கேட்டேன்?"

"எல்லா ராட்சசனும் சிரிப்பான் சார்!"

"உங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் ஆயுதத்தோட வந்து நிக்கிறான். நீங்க சிரிப்பீங்களா?"

மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்து ஒரு பக்தி மாத இதழ். 'அசுரர் வீட்டு அடுப்படி' என்று ஒரு தொடர் எழுதினார். போருக்குப் போகிறவர்களுக்கு வீட்டில் என்ன சமைத்திருப்பார்கள், எதைக் கட்டிக் கொடுத்திருப்பார்கள், மிச்சம் இருந்ததை யார் சாப்பிட்டிருப்பார்கள் என்று அவ்வளவு நுணுக்கமாக இருந்தது. என் மனைவி அதைப் பார்த்து ஒரு துவையல்கூட அரைத்தாள், நன்றாகவே வந்தது. ஒரு வாசகி, தேவர் வீட்டுச் சமையலையும் எழுதக் கூடாதா என்று கேட்டிருந்தார். இவர் பதில் எழுதினார்: 'அமிர்தம் சாப்பிட்டவர்களுக்குப் பசிக்காது. பசிக்காத வீட்டில் அடுப்பு எதற்கு?' அந்தப் பதிலோடு தொடர் நின்றது.

பிறகு கச்சிபௌலியில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் செய்யும் கம்பெனி ஒன்று புராண ஆலோசகர் வேண்டும் என்று அழைத்தது. கார் அனுப்பினார்கள். போனவர், படத்திலிருந்த அசுரனுடைய கொம்பைப் பார்த்துவிட்டு, "இதோட இவன் சட்டையை எப்படி மாட்டுவான்?" என்று கேட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "சார், அவன் ஷர்ட்டே போடமாட்டான் சார்" என்றாளாம்.

"மார்கழியில?"

கம்பெனி மார்கழியை யோசித்திருக்கவில்லை. கொம்பை எடுக்க முடியாது, பொம்மையாக விற்பதற்குக் கொம்புதான் வேண்டும் என்றார்கள். இவர் நக்கோ என்றார். அதே கார் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது.

அவர் மனைவி மங்களா அக்கா அசைந்து கொடுக்காதவர். மாடிப்படியில் என் மனைவியிடம் சொன்னார்: "வேலை போச்சுன்னு வந்து நின்னா நான் ஏன் எதுக்குன்னு கேக்கறதே இல்லம்மா. சிரிப்பா, அடுப்பா, கொம்பான்னு மட்டும் கேப்பேன். அதுக்குத் தகுந்த மாதிரி காபி போடுவேன்."

இதையெல்லாம் கேட்டுச் சிலர் அவரைக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சாய்ந்த திருகைச் சாய்ந்தது என்று சொல்பவனையும் ஆலையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு எழுதியும் அவர் பெயர் எங்கும் நிற்கவில்லை. டப்பிங் தொடர்களின் கடைசியில் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் பெற்ற தாய்கூடப் படிக்க முடியாது. அதனால்தான், ஒரு கிரானைட் வியாபாரி 'ஒரு புராணப் படம் எடுங்கள், பணம் நான் போடுகிறேன்' என்று வந்து நின்றபோது மங்களா அக்கா பாயசம் வைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. "இதாவது அவரு பேரோட வெளிய வரட்டும்" என்றார்.

கிரானைட் காரு எதிர்பார்த்தது மின்னல், சக்கரம், பறக்கும் ரதம். அசுரன் சார் எழுதியது பெயர் இல்லாத ஒரு அசுரனின் ஒரு காலைப்பொழுது. ஆயிரம் பேர் கொண்ட சேனையில் ஒருவன். புராணத்தில் அவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. 'சேனை அழிந்தது' என்பதற்குள் அடங்கிவிடுகிறவன். அவன் காலையில் எழுந்து, ஆட்டுக்குத் தழை போட்டு, கஞ்சி குடித்து, மனைவியிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். அவ்வளவுதான் படம்.

"யுத்தம் எக்கட?" என்று கிரானைட் காரு கேட்டார். யுத்தம் எங்கே என்கிறார்.

"அவன் போனப்புறம்" என்றார் இவர். "அதுக்குள்ள படம் முடிஞ்சிரும்."

செலவு குறைவு என்பதால் வியாபாரி தலையாட்டிவிட்டார். படப்பிடிப்பு அவருடைய கல் குவாரியிலேயே. அசுர லோகத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது: யானை யானையாகப் பாறைகள், நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. அசுரனாக நடித்தவர் ஸ்டீபன் அண்ணன், செகந்திராபாதில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர், ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். மலை மாதிரி உடம்பு, ஆனால் டிக்கெட் இல்லாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அபராதம் வாங்கியவர். அசுரன் மனைவியாக மங்களா அக்கா. வேறு யாரும் அந்த வெயிலுக்கு வர ஒப்புக்கொள்ளவில்லை. என்னை அசுரன் சார், ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொருள் எதுவும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வைத்தார்.

"உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு கஞ்சிக் கலயம் நகர முடியாது தம்பி" என்றார். உத்தியோகத்தில் எனக்குக் கிடைக்காத பாராட்டு.

நான் என் கடமையைச் செய்தேன். அசுரன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய வெளுத்த தடம் இருப்பதைக் கண்டுபிடித்து மண்ணைப் பூச வைத்தேன். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ஸ்டீபன் அண்ணன் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொள்வார். கேமரா ஓடத் தொடங்கிய பிறகும் ஒருமுறை போட்டுவிட்டார்.

"கட்! அண்ணே, கதைப்படி உங்களுக்கு அது இன்னும் தெரியாது!"

"ஹவ், ஆமா, மறந்துட்டேன் பா. சாகப்போறவன் வேஷம்ல, பயமா கீது" என்றார் அவர்.

படம் எடுத்த விதத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. அசுரன் எப்போதும் நம்மைப் பார்த்தபடியே இருப்பான். தூங்குவது நம்மைப் பார்த்து. ஆட்டுக்குத் தழை போடும்போதும் ஆட்டைப் பார்க்காமல் நம்மைத்தான் பார்ப்பான். ஆடு குழம்பிப்போய் இரண்டு தடவை முட்டியது. காரணம் கேட்டேன்.

"முதுகு காட்டுனாப் போச்சு தம்பி. வாய் தெரியாத ஷாட்டுலதான் வேணுங்கிறதைச் சொருகுவாய்ங்க. முதுகுக்கு எந்த வசனமும் ஒட்டும். நானே எத்தனை முதுகுல சொருகியிருக்கேன்! இந்தப் படத்துல ஒருத்தனும் ஒரு சிரிப்பைச் சொருக முடியாது. பூரா வாயி. பேசுற நேரம் போக மூடுன வாயி."

கடைசிக் காட்சியில்தான் சிக்கல். அசுரன் கிளம்பிப் போக வேண்டும். மங்களா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏங்க, போறவரு எப்படிங்க மூஞ்சியைக் காட்டிட்டே போவாரு? பின்னாடியே நடந்து பள்ளத்துல விழுகச் சொல்றீங்களா?"

அசுரன் சார் பாறைமேல் ஏறி அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, ஒரே ஒரு முதுகு" என்றார்.

அந்த முதுகு பாறைகளுக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போகும். கொட்டகை வாசலில் அக்கா நிற்பார். அழ மாட்டார். கையிலிருந்த கலயத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலப் பார்த்துக்கொண்டு நிற்பார். வசனம் இல்லை, இசை இல்லை. எடுத்து முடித்ததும் ஸ்டீபன் அண்ணன் தூரத்திலிருந்து, "வரட்டுமா பா?" என்று கத்தினார்.

சென்னையிலிருந்து ஒரு டிவி சேனல்காரர் படம் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லாம் அசுரன் சார் பெயர் நின்று நிதானமாகத் தெரியும். இல்லாவிட்டால் படம் குவாரிக்காரர் அலமாரியில் தூங்கும். அதற்கு முந்தைய வாரம் கிரானைட் காரு வந்தார். "ஒக்க நவ்வு, அந்தே" என்று கெஞ்சினார். ஒரே ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

"நக்கோ" என்றார் அசுரன் சார்.

வியாபாரி வாதாடவில்லை. அப்போதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சின்ன பிரிவியூ தியேட்டர். முன்வரிசையில் சேனல்காரரும் கிரானைட் காருவும். பின்னால் நாங்கள் நால்வர்: சார், அக்கா, ஸ்டீபன் அண்ணன், நான். படம் அமைதியாக ஓடியது. சேனல்காரருக்குத் தலை லேசாகச் சாய்ந்தது. கடைசிக் காட்சி வந்தது. ஸ்டீபன் அண்ணனின் முதுகு நகர்ந்தது. அடுத்த நொடி நாற்காலியெல்லாம் அதிர ஒரு சிரிப்பு. 'ஹா ஹா ஹா ஹா!' குவாரி முழுக்க எதிரொலி வேறு சேர்த்திருந்தார்கள். திரையில் அந்தச் சிரிப்புக்கு எதிரே, கலயத்தோடு அக்காவின் முகம்.

சேனல்காரர் விழித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரானைட் காருவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. என் பக்கத்தில் அக்கா புடவைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனார்.

பூனைக்கு வழிவிடுகிற அந்த மனிதர் எழுந்தார். நேராக ஆபரேட்டர் அறைக்குப் போனார். டப்பிங் காலத்துப் பழக்கம் போலிருக்கிறது, ஆபரேட்டர் எழுந்து நின்றார்.

"சத்தத்தைப் பூரா இறக்கு. மொதல்லேருந்து போடு."

கிரானைட் காரு ஓடிவந்தார். "ஏமி சேஸ்துன்னாரு மீரு? என்ன பண்றீங்க? பணம் என்னது!"

"பணம் உங்களுது. பாறை உங்களுது. ஆடுகூட உங்களுது. அந்த முதுகு என்னது" என்றார் அசுரன் சார். "அதுக்கு எதிர்த்தாப்புல நிக்கிறது என் பொஞ்சாதி. அவ முகத்துமேல எவனும் சிரிக்கக்கூடாது."

படம் ஊமையாக மறுபடி ஓடத் தொடங்கியது. அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். "என்ன பார்க்கிறீங்க? வாங்க, பேசுங்க!"

ஸ்டீபன் அண்ணன் முதலில் போனார். அக்கா தலைப்பைச் செருகிக்கொண்டு போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்குத்தான் வசனமே இல்லையே.

"தம்பி, ஆடு!" என்றார் அசுரன் சார்.

அலுவலகத்தில் இருமினால்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்பவன் நான். எழுந்து போய், சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் ஆடு மாதிரிக் கத்தினேன். முதல் கத்தல் சற்றுத் தாமதம். திரையில் ஆடு வாயை மூடிய பிறகுதான் வந்தது. "உதட்டைப் பாருங்க தம்பி, ஆட்டு உதட்டை!" என்று அதட்டினார். இரண்டாவது கச்சிதமாக விழுந்தது. ஸ்டீபன் அண்ணன் ஓரிடத்தில் வசனத்தை மறந்து, ஆட்டிடம் 'ஏன் அழறே' என்பதை "கைக்கு அழறே?" என்று செகந்திராபாத் பாஷையில் கேட்டுவிட்டார். வாயசைவுக்கு அது எழுதியதைவிடப் பொருத்தமாக இருந்தது. அசுரன் சார் ஆட்சேபிக்கவில்லை.

கடைசிக் காட்சி. முதுகு நகர்ந்தது. நாங்கள் யாரும் பேசவில்லை. திரையில் இருந்த அக்காவும் திரைக்குப் பக்கத்தில் இருந்த அக்காவும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசி சத்தம் மட்டும். விளக்கு போட்டதும் சேனல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப டச்சிங்கா இருக்கு சார். நானே எதிர்பார்க்கல" என்றார். "எடுத்துக்கறேன். ஆனா அந்தச் சிரிப்பை மட்டும் வச்சிருங்களேன். இல்லேன்னா அவன் ராட்சசன்னு ஜனங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்கு அக்கா வைத்த பாயசம் ஞாபகம் வந்தது. சாரும் அவரைத்தான் பார்த்தார். இந்த முறை வாயை அல்ல, கண்ணை. அக்கா மெதுவாகத் தலையை இடவலமாக ஆட்டினார்.

"நக்கோ சார்" என்றார் அசுரன் சார், மிகுந்த மரியாதையோடு.

சேனல் போய்விட்டது. கிரானைட் காரு கோபத்தில் சிரிப்பு வைத்த படத்தைத் தன் யூட்யூப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சத்தமில்லாத பிரதியை மட்டும் ஒரு பென் டிரைவில் இவரிடம் கொடுத்து, "இதி மீரே உஞ்சுகோண்டி, நீங்களே வச்சுக்குங்க. ஊமைப் படத்தை யாரு பார்ப்பாங்க?" என்றார்.

யார் பார்ப்பார்கள் என்றா கேட்டார்? மல்காஜ்கிரியில் எங்கள் கட்டடத்து வண்டி நிறுத்துமிடத்தில், வேட்டியைத் திரையாகக் கட்டிப் பார்த்தோம். செகந்திராபாதில் ஸ்டீபன் அண்ணனின் சர்ச் ஹாலில் பார்த்தார்கள். ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பள்ளிக்கூட மாடியில் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பக்கத்தில் நால்வரும் நின்று பேசுகிறோம். தமிழ் புரிந்தும் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளைகள் வந்தால் ஸ்டீபன் அண்ணன் பாதியைத் தெலுங்கில் பேசுவார். படம் முடிந்ததும் அசுரன் சார் பெயர் எழுத்தில் வராது. அந்தப் பிரதியில் அது இல்லை. அதனால் அக்கா முன்னால் வந்து, கூடியிருப்பவர்களுக்குக் கேட்கும்படி, கணவரின் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அக்கா வாயால் அதைக் கேட்டது எங்கள் கட்டடத்துக்கே அந்த வண்டி நிறுத்துமிடத்தில்தான் முதல் தடவை.

என் மகளுக்குக் கச்சிபௌலியில் பெரிய வீடு. இருபதாவது மாடி, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எங்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு, வந்துவிடுங்கள் என்று வாராவாரம் கூப்பிடுகிறாள். "போங்க தம்பி, ஆட்டுக்கு வேற ஆள் புடிச்சுக்கலாம்" என்று அசுரன் சாரும் சொல்கிறார், என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு.

பிடித்துக்கொள்ளலாம்தான். நான் இன்னும் பெட்டி கட்டவில்லை.